உள்ளங்கையில் ஓர் உலங்கு வானூர்தி

இலக்கணமும் காப்பியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் ஒருவன் பிளாஸ்ரிக் பொம்மையொன்றைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பிராசீனக் கல்லூரியொன்றில் நன்னூலும் சிந்தாமணியும் பாடஞ்சொல்லி வருகின்றேன். வெண்கட்டியையும் புத்தகத்தையும் அன்றி வேறெதனையும் பழகியறியாத என் கைகள், சென்ற ஆவணியிலே பத்து நாட்கள் மஞ்சட் சாயமும் பசையுமாய்க் கிடந்தன. அதன் பயனாக இன்று என் நூலலுமாரியில், சிந்தாமணி உரைப்பதிப்பின் அருகே, ஒரு சாண் நீளமுள்ள ஹெலிகொப்டர் ஒன்று நிற்கின்றது. அது அங்கு வந்து சேர்ந்த கதையையே ஈண்டுச் சொல்லப் போகின்றேன்.

என் தங்கை மணம் முடித்து இங்கிலாந்து சென்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி விடுமுறையில் மகனையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தாள். அவனுக்கு வயது பன்னிரண்டு. தமிழ் சற்றுத் தடுமாறினாலும் ‘மாமா’ என்று வாய் நிறைய அழைப்பவன். பயணப் பெட்டியை அவிழ்த்தபோது, உடுப்புகளின் அடியிலிருந்து ஒரு கடதாசிப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தான். தகப்பன் வாங்கிக் கொடுத்ததாம். தாய்க்குத் தெரியாமல் அடியில் வைத்து வந்தானாம். பெட்டியின் மேல், கொந்தளிக்குங் கடலுக்கு மேலே மஞ்சள் நிற ஹெலிகொப்டர் ஒன்று நிற்பதுபோலப் படம் தீட்டியிருந்தது. “மாமா, நாங்கள் ரெண்டு பேரும் இதைச் செய்வம்” என்றான்.

நான் மறுமொழி கூறுமுன் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். “உனக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையே?” என்று மகனைக் கேட்டாள். பின்பு என் பக்கம் திரும்பி, “அண்ணா, அதை உள்ளுக்கு வைக்கவேண்டாம்” என்று மட்டுஞ் சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டாள்.

1986, 1987 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்க்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இளைய வாசகர்க்காகச் சிறிது சொல்வேன். அந்நாளில் எமக்கு ஹெலிகொப்டர் என்பது முதலில் ஓர் ஒலி. பின்னரே ஓர் உருவம். ஒலி கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, முற்றத்துப் பதுங்குகுழிக்குள் இறங்கிவிடுவோம். மேலே பனங்குற்றிகள், அவற்றின் மேல் மண்மூடைகள். எனக்கு அப்போது பதினைந்து வயது, தங்கைக்கு எட்டு. அவள் என் கையைப் பிடித்தபடி, ஒலி தேய்ந்து மறையும்வரை வாய்திறவாள். ஒருநாள் அயல்வீட்டு ஆச்சி, கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவரப் போனவர், திரும்பி வரவில்லை. அன்றைக்கு நான் குழிவாயிலிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு வாசல் திறந்திருந்தது. அவ்வாசலில் ஒருவன் அமர்ந்திருந்தான். அந்த வாசல் நாற்பது ஆண்டுகளாக என் நினைவை விட்டு நீங்கியதில்லை.

தங்கைக்கும் அஃதே. இலண்டனில் இரவு வேளையில் பொலிசாரின் ஹெலிகொப்டர் வீட்டுக்கு மேலே சுற்றினால், அம்மா எழுந்து விளக்கை அணைத்துவிடுவார் என்று மருமகன் சொன்னான். ஏன் என்று தனக்குத் தெரியாது என்றுஞ் சொன்னான். அதன் பின்னரே அவனுடன் அமர்ந்து அதனைச் செய்வதென்று துணிந்தேன். தங்கையின் சொல்லுக்கும் மதிப்பளித்து, வீட்டுக்குள் வையாது, விறாந்தையோடு ஒட்டிய என் வாசிப்பறையில் மேசை போட்டோம்.

முதல் நாள் நான் கேட்ட கேள்வி, “இது எத்தனை மடங்கு சிறியது?” என்பது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றான். அஃதென்ன கணக்கு என்று வினவினேன். ஆறு அடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் ஓரங்குலம் ஆவான் என்று விரலைக் காட்டி விளக்கினான். இங்கிலாந்தில் 1936 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புரொக் பெங்குவின்’ என்னும் பிளாஸ்ரிக் விமானங்கள் இவ்வளவிலேயே செய்யப்பட்டன. பின்னர் இத்தொழிலிற் பெரும்பெயர் பெற்றது ‘எயர்பிக்ஸ்’. ஹங்கேரி நாட்டிற் பிறந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939 இல் அதனை நிறுவியபோது, காற்றடைத்த இறப்பர் விளையாட்டுப் பொருள்களே செய்தார். பின்பு தலைவாரும் சீப்புகள் செய்தார். 1949 இல் பேர்குசன் உழவு இயந்திரத்தின் மாதிரியும், 1952 இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்னும் பாய்க்கப்பலும் வந்த பின்னரே, பகுதி பகுதியாய் வாங்கி வீட்டிற் பொருத்தும் இவ்வழக்கம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளிடையிலும் பரவியது. அக்கப்பலின் விலை அன்று இரண்டு சிலிங்கு.

பெட்டியைத் திறந்தால் ஹெலிகொப்டர் இல்லை. சாம்பல் நிறச் சட்டங்களில், கிளையிற் காய்கள் போல, சிறிய துண்டுகள் தொங்கின. எண்ணிப் பார்த்தேன், தொண்ணூறுக்கு மேல். உருக்கிய பிளாஸ்ரிக்கை உருக்கு அச்சினுள் மிக்க அழுத்தத்துடன் செலுத்திக் குளிரவிட்டு எடுப்பதால் இவ்வாறு சட்டத்தோடு கூடியே வருமாம். அச்சிலிருந்து எளிதிற் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை துண்டுகளில் ஒட்டியிருந்தால் சாயம் பிடியாது; ஆதலின் முதல் வேலை, எல்லாவற்றையும் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துவது. தங்கை கிணற்றடிக்கு வந்தவள், நாங்கள் சுளகில் அவற்றைப் பரப்பி வைத்திருந்ததைக் கண்டு, ஒன்றுஞ் சொல்லாது போனாள்.

பொருத்தும் முறையைக் கண்டபோது, எனக்கு நன்னூலிற் புணரியலே கண்முன் நின்றது. இரண்டு துண்டுகளைப் பசையின்றி முதலில் இணைத்துப் பார்க்கவேண்டும். மாறுபாடின்றிப் பொருந்துமாயின் அஃது இயல்பு புணர்ச்சி. பொருந்தாதவிடத்து விகாரம் வேண்டும். இடைவெளி தோன்றினால் பசைமா இட்டு நிரப்புவது தோன்றல். விளிம்பு மிகுந்தால் அரத்தாளால் தேய்த்து நீக்குவது கெடுதல். திரிதலும் உண்டு. இவ்வேலைக்குரிய பசை, நாம் தாளை ஒட்டும் பசை போன்றதன்று. பொலிஸ்ரைரீன் என்னும் அப்பிளாஸ்ரிக்கை அது சற்றே கரைக்கின்றது. கரைந்த இரு விளிம்புகளும் ஒன்றிற் கலந்து, திரவம் ஆவியாய் நீங்கியபின் ஒரே பொருளாய் இறுகுகின்றன. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் தம்முட் கலந்து ஒரு சொல்லாய் நிற்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணத்தை நான் வகுப்பறையிற் காட்டியதில்லை.

ஆயினும் கல்வி வேறு, கைப்பழக்கம் வேறு. ஒளிபுகும் கண்ணாடித் துண்டுக்கு இப்பசை ஆகாது, அதனை மங்கச் செய்துவிடும், வெள்ளைப் பசையே தொடவேண்டும் என்று மருமகன் எச்சரித்திருந்தும், நான் பசை பட்ட பெருவிரலால் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். என் விரல்ரேகை அதிற் பதிந்து நிலைத்துவிட்டது. மாணாக்கர் தவறுகளைச் சிவப்பு மையாற் சுழித்துப் பழகிய எனக்கு மிக்க நாணமாயிருந்தது. “பரவாயில்லை மாமா, கடலுப்புப் படிஞ்சது எண்டு சொல்லுவம்” என்று அவன் ஆறுதல் சொன்னான்.

இடையில் அவன் ஒரு சந்தேகம் கேட்டான். செய்தி வாசிப்பவர் ‘உலங்கு வானூர்தி’ என்கின்றனரே, உலங்கு என்றால் என்ன என்பது அது. அகராதியை எடுத்துக் காட்டினேன். உலங்கு என்பது ஒருவகைப் பெருங்கொசு. கொசுவைப்போல ஓரிடத்தே நின்று இரைந்து பறப்பதற்கு இப்பெயர் நன்றாகவே பொருந்துகின்றது. ஆங்கிலப் பெயர் கிரேக்கத்தினின்று வந்தது. பொந்தோன் தமேக்கூர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1861 இல் அதனை ஆக்கினார். சுருள் எனப் பொருள்படும் ‘ஹெலிக்ஸ்’, சிறகு எனப் பொருள்படும் ‘ப்டெரோன்’ என்பன அதன் உறுப்புகள். ஆகவே ‘ஹெலிகொ’ என்றும் ‘ப்டர்’ என்றும் பிரிப்பதே முறை. நாமெல்லாம் ‘ஹெலி’ என்று நடுவிலே வெட்டிவிட்டோம். ஓடி ஒளியும் அவசரத்தில் பதம் பிரிக்க எவர்க்குப் பொழுதிருந்தது?

நானும் ஒரு சந்தேகம் கேட்டேன். வாலிலே சிறிய விசிறி எதற்கு? மேலேயுள்ள பெருஞ்சுழலி ஒரு திசையிற் சுழலும்போது, உடல் எதிர்த்திசையிற் சுழல முற்படும். அதனைத் தடுத்து நிறுத்துவதே வால்விசிறியின் தொழில் என்றான். அது பழுதுபட்டால் வானூர்தி பம்பரமாகிவிடும். இத்தனை ஆண்டுகள் அஞ்சிய பொருள், எந்நேரமும் தன்னைத் தானே சுற்றி விழாதிருக்கப் போராடிக்கொண்டிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பெருஞ்சுழலிக்கு ஐந்து அலகுகள். உண்மை வானூர்தியில் அவ்வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 19 மீற்றர். எம் மேசையில் 26 சென்ரிமீற்றர். பெட்டியில் அவை மட்டக்கோல் போல நேராக இருந்தன. நின்ற நிலையில் அவை தம் பாரத்தால் வளைந்து தொங்கும். சுழலும்போது மாத்திரமே விறைத்து நேராகும் என்று சொல்லி, மருமகன் அவற்றைச் சுடுநீரில் நனைத்து மெல்ல வளைத்தான். தென்னோலை போல் அவை தாழ்ந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அறிந்த ஹெலிகொப்டர் எதுவும் ஒருபோதும் ஓய்ந்து நின்றதில்லை.

சாயம் பூசுவது தனிக்கலை. மஞ்சள் வலியற்ற நிறம். அடியிலுள்ள நிறத்தை எளிதில் மறைக்கமாட்டாது. நான் ஆர்வ மிகுதியாற் சாம்பல் நிறத்தின் மேல் நேரே பூசிய இறக்கைத் துண்டொன்று காமாலை கண்ட முகம்போற் பச்சை பாய்ந்தது. முதலில் வெள்ளை அடிப்பூச்சு இடவேண்டும். அதன் மேல் மஞ்சளை நீர்க்கக் கரைத்து மெல்லிய படலமாக ஒருமுறை; உலர்ந்தபின் மறுமுறை; அதன்பின் இன்னுமொரு முறை. ஒரே முறையில் மறைக்க முயன்றால் சாயம் வழிந்து திரளும். முதல் நாளே நூல் முழுவதையும் மாணாக்கன் தலையில் ஏற்ற முயலும் ஆசிரியர்க்கு நேர்வதும் இதுவேயன்றோ! கண்ணாடிகளின் மேல் மறைப்பு நாடாவை வெட்டி ஒட்டிக்கொள்ளவேண்டும். அலகுகளுக்கு வேறு நிறம், சக்கரங்களுக்குக் கறுப்பு.

“ஏன் மஞ்சள்?” என்றேன். “சாம்பல் கடலிலை தெரியவேணும் மாமா. இது சுடுற ஹெலி இல்லை, தண்ணிக்குள்ளை விழுந்த ஆக்களைத் தூக்கிறது” என்றான். இலண்டன் ஹெண்டனிலுள்ள வான்படை அரும்பொருட்சாலையில் இதனை அவன் நேரிற் கண்டிருக்கின்றான். இதன் பெயர் ‘சீ கிங்’. அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனத்தார் ஆக்கிய மூல வானூர்தி 1959 இல் முதன்முதற் பறந்தது. அதன் வழியில் இங்கிலாந்தின் வெஸ்ற்லண்ட் நிறுவனத்தார் செய்தது 1969 இற் பறந்தது. கடல் மீட்புக்கென்றே அமைந்த மஞ்சள் வகை 1978 முதல் 2015 வரை பிரித்தானிய வான்படையிற் சேவை செய்தது. அடிப்பாகம் தோணிபோல அமைந்தது. பணியாளர் நால்வர்: ஓட்டுநர் இருவர், மின்தூக்கியை இயக்குபவர் ஒருவர், கயிற்றிற் கட்டுண்டு கடலுக்குள் இறங்குபவர் ஒருவர்.

சிகோர்ஸ்கி என்பார் 1889 இல் கீவ் நகரிற் பிறந்து, 1919 இல் அமெரிக்கா சென்றவர். அவர் 1939 இல் எழுப்பிய சிறு வானூர்தியின் வழிவந்த ஒன்றே, 1944 ஏப்பிரலில், பர்மாக் காட்டில் எதிரிகளின் நடுவே அகப்பட்ட நால்வரை மீட்டது. இயந்திரம் வலுவற்றது, ஒரு தடவையில் ஒருவரையே சுமக்கும். ஆகவே ஒருவர்பின் ஒருவராகச் சென்று சென்று கொணர்ந்தார்கள். போர்க்களத்தில் ஹெலிகொப்டர் செய்த முதல் மீட்பு என்று அதனைச் சொல்வர்.

இதனைக் கேட்டதும் நான் எழுந்து அலுமாரியிலிருந்து சிந்தாமணியை எடுத்தேன். திருத்தக்கதேவர் பாடிய அக்காப்பியத்தில், அமைச்சன் கட்டியங்காரன் வஞ்சித்து அரண்மனையை வளைக்கின்றான். தன் முடிவை உணர்ந்த சச்சந்தன், கருவுற்ற தேவி விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி வானில் அனுப்புகின்றான். பொறியை வலப்புறம் திரித்தால் மேலெழும். இடப்புறம் திரித்தால் தரையிறங்கும். அதனைச் செலுத்த அவளே முன்னர்ப் பயின்றிருந்தாள். அப்பொறி இறங்கியது சுடுகாட்டில். அங்கே பிறந்தவன் சீவகன். இப்பகுதியை எத்தனையோ முறை பாடஞ்சொல்லியிருக்கின்றேன். அணிநயம் காட்டியிருக்கின்றேன், சொன்முடிபு காட்டியிருக்கின்றேன். அப்பொறி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை ஒருமுறையேனும் நின்று எண்ணியதில்லை. ஒரு தாயும் அவள் வயிற்றுப் பிள்ளையும் பிழைப்பதற்காகச் செய்யப்பட்டது அது.

நம் நாட்டிலும் நான் கண்டதுண்டு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரைகளை அழித்தபின், பல நாட்டு ஹெலிகொப்டர்கள் உணவும் மருந்தும் சுமந்து பறந்தன. அந்நாளிலும் ஒலி கேட்டு மரநிழலை நோக்கி ஓடியவர்களுள் நானும் ஒருவன். ஓடிச் சென்று, நின்று, நாணித் திரும்பி வந்தேன். அறிவு அறிந்ததைக் கால் அறியவில்லை.

எட்டாம் நாள் வலப்பக்கத்துப் பெருவாசலைப் பொருத்தும் முறை வந்தது. அதனை மூடியும் ஒட்டலாம்; திறந்தும் ஒட்டலாம். “மூடிவிடுவோமா?” என்றேன். மருமகன் என்னை வியப்புடன் பார்த்தான். “மூடினால் ஆக்களை எப்பிடி ஏத்திறது மாமா?” என்றான். திறந்தே ஒட்டினோம். சாமணத்தாற் பிடித்து, பசை இறுகும்வரை நானே அசையாது வைத்திருந்தேன். நாற்பது ஆண்டுகளாக நான் அண்ணாந்து பார்த்த வாசல் இப்போது என் கண்ணுக்கு நேரே, என் இரு விரல்களுக்கிடையில் இருந்தது. அதன் உயரம் ஓரங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. வாசலுக்கு நல்லதுந் தெரியாது, தீயதுந் தெரியாது. அதில் அமர்பவன் கையில் என்ன இருக்கின்றது என்பதே எல்லாம்.

மறுநாள் எழுத்துகளை ஒட்டினோம். இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் ஊறவைத்தால், மெல்லிய படலம் தாளினின்று கழன்று வழுக்கும். தூரிகையால் தள்ளி உரிய இடத்திற் சேர்க்கவேண்டும். பளபளப்பான வார்னிஷ் ஒருமுறை பூசிய பின்னரே இதனைச் செய்தல் நன்று. இல்லையேல் அடியிற் காற்றுத் தங்கி வெள்ளி போல மினுங்கும். மீட்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் உடலின் பக்கத்தில் நேராக அமைந்தபோது, வாசிப்பறை வாயிலில் நிழலாடியது. தங்கை நின்றாள். எத்தனை நேரம் நின்றாளோ, அறியோம்.

“இதென்ன, வாசலுக்கு மேலை நீட்டிக்கொண்டு நிக்கிறது?” என்று கேட்டாள்.

“அதுதான் மின்தூக்கி அம்மா. அதிலையிருந்துதான் கயிறு இறங்கும்” என்றான் மகன்.

“கயிறு எங்கை?”

“பெட்டிக்குள்ளை வரேல்லை.”

அவள் உள்ளே போனாள். தையற் பெட்டியுடன் திரும்பி வந்து, என் கதிரையில் அமர்ந்தாள். கறுப்பு நூலில் ஒரு முழம் அறுத்து, மெழுகில் இழுத்து விறைப்பாக்கி, அம்மின்தூக்கியின் நுனியிற் கட்டி, மறுநுனியில் ஒரு சிறு வளையம் முடிந்தாள். எங்கள் இருவர் விரல்களுக்கும் வசப்படாத நுண்ணிய வேலை அது. கை நடுங்கவில்லை. முடித்தபின், “கயிறில்லாட்டி எப்பிடியடா ஆக்களைத் தூக்கிறது?” என்று மகனைக் கடிந்துகொண்டு எழுந்து போனாள். அவ்வளவே.

இப்பொழுதுபோக்கினால் பழைய அச்சம் தீர்ந்துவிடும் என்று எழுத நான் துணியேன். பலாலிப் பக்கம் ஒலி கேட்டால், இன்றும் என் பேச்சு நடுவில் நின்றுவிடுகின்றது. ஆயினும் ஒன்று சொல்வேன். அஞ்சிய பொருளைத் துண்டு துண்டாகக் கழுவி, தேய்த்து, பொருத்தி, நிறந்தீட்டியவனுக்கு, அதன் உறுப்புகளின் பெயரும் தொழிலும் தெரிந்துவிடுகின்றன. பெயர் தெரிந்த பின்னர், பிள்ளை கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. அன்றிரவே மருமகன், அம்மா ஏன் விளக்கை அணைக்கின்றார் என்று என்னைக் கேட்டான். பதுங்குகுழியைப் பற்றியும், ஆட்டை அவிழ்க்கப் போன ஆச்சியைப் பற்றியும் சொன்னேன். தங்கையும் அருகிருந்தாள், நான் விட்டவிடங்களை அவளே நிரப்பினாள்.

பயணத்தில் அலகுகள் முறிந்துவிடும் என்று, மருமகன் அதனை என்னிடமே விட்டுச் சென்றான். நான் வாசல் தெரியும்படி அலுமாரியிற் திருப்பி வைத்திருக்கின்றேன். ஞாயிறுதோறும் தங்கை தொலைபேசியில் அழைப்பாள். ஊர்ப் புதினமும் மழை வெயிலும் பேசி முடித்தபின், ஹெலிகொப்டரைப் பற்றி ஒரு சொல்லுங் கேளாள், “அண்ணா, அந்த நூல் அறுகேல்லையே?” என்று மட்டும் கேட்பாள்.

அலுமாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இல்லைத் தங்கச்சி, அப்பிடியே இருக்கு” என்பேன்.